கடல் பெரிது, கப்பல் சிறிது!

கல்யாண கோஷ்டி ஏறியிருக்கும் ரயில் பெட்டியில் என்றைக்காவது நீங்கள் தனியாக அகப்பட்டுக்கொண்டதுண்டா?

எழும்பூரில் வண்டி கிளம்பும்போதே அமர்க்களம் ஆரம்பமாகிவிடும். உங்கள் பெஞ்சிக்கு அடியில் அவர்களுடைய அண்டா. உங்கள் தலைக்கு மேல் அவர்களுடைய பலகாரக் கூடை. "ஸார், கொஞ்சம் அந்த மேல் பலகைக்குப் போகிறீர்களா? எங்கள் பாட்டிக்கு முட்டிவலி" என்று ஒரு மாமா மிகவும் மரியாதையாகக் கேட்பார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? செங்கற்பட்டுக்குள் சீட்டுக் கச்சேரி களை கட்டிவிடும். விழுப்புரத்தில் பாட்டு. விருத்தாசலத்தில் மாப்பிள்ளையின் தம்பியை எல்லோருமாகச் சேர்ந்து கேலி செய்வார்கள். பெட்டியே அதிரும். உங்களுக்கு மட்டும் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்பது புரியாது.

அவர்கள் பொல்லாதவர்களா? இல்லவே இல்லை. உங்களுக்கும் இரண்டு முறுக்கு கொடுத்திருப்பார்கள். இருந்தாலும் விடியற்காலையில் திருச்சி ஜங்ஷனில் இறங்கும்போது உங்களை அறியாமல் ஓர் "அப்பாடா!" வெளிவந்திருக்குமே!

ரயிலில் அது ஒரே ஓர் இரவு. ஏழு இரவு நீடித்தால் எப்படியிருக்கும்? அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டியில் ஏறிக்கொள்ளலாம் என்று பார்த்தால், நாலு பக்கமும் கடல்! அதுவும் நீங்கள் பல வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய டிக்கெட்!

உல்லாசக் கப்பல்களில் இப்போது இதுதான் பலருடைய குறை.

மிதக்கும் ஊர்

நம் தாத்தாக்கள் காலத்தில் கப்பல் என்றால் ஊர் போய்ச் சேருவதற்கு. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த 'ரஜூலா' கப்பலை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1926-ல் கட்டப்பட்டு, 1973 வரையில் அந்தப் பெயருடன் ஓடிய கப்பல் அது. மேல்தளத்தில் பாயை விரித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான ஜனங்கள் போனார்கள். நெருக்கடி உண்டு, ஆனால் நெருக்கடி எல்லோருக்கும் பொது. கரை வந்தால் போதும் என்பதே எல்லோருடைய பிரார்த்தனையும்.

இன்றைய உல்லாசக் கப்பலில் விஷயம் தலைகீழ். இங்கே யாருக்கும் எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லை. கப்பல்தான் விற்பனைச் சரக்கு. நீச்சல் குளத்தங்கரையில் ஒரு சாய்வு நாற்காலி, ராத்திரி நாடகக் கொட்டகையில் ஓர் ஆசனம், ஜன்னலோரச் சாப்பாட்டு மேஜை, அந்தி வேளையில் அமைதியாகக் கடலைப் பார்க்க ஒரு மூலை: இவற்றைத்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். இவற்றை வேறொருவர் எடுத்துக்கொண்டுவிட்டால், நீங்கள் வாங்கிய பொருளில் பாதி காணாமற்போனது போலத்தான்.

2024 ஜனவரியில் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி ஸீஸ்' என்ற கப்பலில் 20 தளங்கள். அறைக்கு இரண்டு பேர் என்று கணக்கிட்டால் 5,610 பிரயாணிகள். எல்லாப் படுக்கைகளையும் நிரப்பினால் சுமார் 7,600 பேர். நம் பக்கத்துச் சிறு டவுன் ஒன்றைப் பெயர்த்துத் தண்ணீரில் மிதக்கவிட்ட மாதிரி. எத்தனை பெரிய கப்பலானாலும் ஒரு கணக்கு மட்டும் மாறுவதில்லை. நாடகக் கொட்டகையில் எல்லோரும் ஒரே சமயத்தில் உட்கார முடியாது. பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிட முடியாது. முன் பந்தி, பின் பந்தி என்று பிரித்து, ஒரே ஆட்டத்தை இரண்டு தடவை ஆடி, ஜனங்கள் கப்பல் முழுவதும் சிதறிப்போவார்கள் என்ற நம்பிக்கையில்தான் கப்பலே கட்டப்பட்டிருக்கிறது.

கோஷ்டி என்பது சிதறாத கூட்டம். சேர்ந்து சாப்பிடும், சேர்ந்து நீந்தும், சேர்ந்து லிஃப்டில் ஏறும். கப்பலின் கணக்கு அங்கேதான் தப்பிப் போகிறது.

பதினாறுக்கு ஒன்று இனாம்

இந்தக் கோஷ்டிகள் எப்படி உருவாகின்றன என்று கேட்கிறீர்களா? அதில் கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு.

எட்டு அறைகள், அதாவது பதினாறு பேர் சேர்ந்துவிட்டால் பல கப்பல் கம்பெனிகள் அதைக் 'குரூப்' என்று எழுதிக்கொள்ளும். பதினாறு பேருக்கு ஒருவர் வீதம் இனாம் டிக்கெட் கொடுப்பது இந்தத் தொழிலில் வெகுநாளாக இருந்து வரும் வழக்கம். 160 பேரைத் திரட்டினால் பத்து டிக்கெட் மிச்சம்! ஆள் திரட்டுகிறவருக்கு உற்சாகம் பிறக்கக் கேட்பானேன்?

கம்பெனிக்கும் ஆதாயம்தான். ஒவ்வோர் அறையாக விளம்பரம் செய்து, ஒவ்வொருவரையாகத் தாஜா செய்து விற்பதைவிட, நானூறு அறைகளை ஒரே கையெழுத்தில் ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே விற்றுவிடுவது எவ்வளவு சுலபம்! விருந்து, குடிவகை, தனி ஹால், தனிக் கச்சேரி என்று மேல்வரும்படி வேறு.

வியாபார ஸ்தாபனங்கள் நன்றாக விற்பனை செய்த முகவர்களுக்குப் பரிசாகக் கப்பல் பிரயாணம் கொடுக்கின்றன. சபைகளும் சங்கங்களும் மகாநாட்டைக் கடலில் நடத்துகின்றன. தாத்தாவின் எண்பதாம் பிறந்தநாளுக்கு நாலு தலைமுறையும் ஏறுகிறது. சங்கீத ரசிகர்கள், சீட்டாட்டக்காரர்கள், தையல் மெஷினுடன் வரும் ஸ்திரீகள், ஒரே கல்லூரியில் படித்தவர்கள், எல்லோரும் வருகிறார்கள்.

பத்துப் பேர், பாதிப் பேர், எல்லோரும்

எல்லாக் கோஷ்டிகளாலும் தொல்லை என்று சொல்லிவிட முடியாது. தொல்லை எங்கே பிறக்கிறது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

மூவாயிரம் பேர் போகும் கப்பலில் முப்பது பேர் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு மூலையில் நாலு மேஜை கொஞ்சம் சத்தமாக இருக்கும். அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர்க்கோடி, கப்பல் முழுவதையும் ஒருவரே எடுத்துக்கொள்வது. அப்போது ஏறுகிறவர்கள் எல்லோரும் ஒரே ஜமா. அமெரிக்காவில் 'ஒலிவியா' என்று ஓர் இசைத்தட்டுக் கம்பெனி இருந்தது, பெண்களே நடத்தியது. அது 1990-ல் ஒரு கப்பலை எடுத்து 600 பெண்களை உல்லாசப் பிரயாணம் அழைத்துச் சென்றது. பின்னால் அதுவே அதன் பிரதான தொழிலாகிவிட்டது. 'ஸ்டார் டிரெக்' தொடரின் பக்தர்களுக்கென்றே 2017-ல் ஒரு கப்பல் பிரயாணம் துவக்கப்பட்டது. 2024 மே மாதக் கடைசியில் மும்பை அம்பானி குடும்பத்தார் தங்கள் இளைய மகனின் கல்யாணத்துக்கு முந்திய வைபவத்துக்காக 'செலிப்ரிடி அஸெண்ட்' என்ற கப்பலை எடுத்து, சுமார் 800 விருந்தாளிகளை இத்தாலிக் கரையிலிருந்து பிரான்ஸின் தென்கரை வரையில் அழைத்துப் போனார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போகக்கூடிய கப்பல் அது. இங்கெல்லாம் முகம் சுளிக்க அந்நியர் யாரும் கப்பலில் இல்லை.

கப்பல் முழுவதையும் எடுப்பதால் ஏறியவர்களுக்குச் சங்கடமில்லை. ஏற முடியாமற் போனவர்களுக்கு உண்டு. முன்பே டிக்கெட் வாங்கியிருப்பவர்களிடம், "மன்னிக்கவும், அந்தத் தேதியில் கப்பல் வேறொருவருக்கு முழுதாகப் போய்விட்டது" என்று கடிதம் எழுதக் கம்பெனிக்கு உரிமை உண்டு. டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கும் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்தால் தெரியும். பணம் திரும்ப வரும். வேறு தேதியில் இடமும் தருவார்கள். ஆனால் ஆபீஸில் மன்றாடி வாங்கிய லீவும், கூடவே வாங்கிய விமான டிக்கெட்டும் அத்தனை சுலபமாகத் திரும்பி வருமா?

இரண்டு கோடிகளுக்கும் நடுவே இருப்பதுதான் நிஜமான தலைவலி. கப்பலில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது பாதி, ஒரே கோஷ்டி. மீதிப் பேர் இரண்டு இரண்டாக, நாலு நாலாக வந்தவர்கள். கோஷ்டிக்காரர்களுக்குக் கப்பலே தங்களுடையது என்ற எண்ணம் வந்துவிடும். மற்றவர்களுக்கோ, காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு அழைப்பில்லாத கல்யாணத்துக்கு வந்துவிட்டது போன்ற கூச்சம்!

ஸிட்னியில் நடந்தது

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கொஞ்சம் கசப்பான உதாரணம். நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்பதால் சொல்கிறேன்.

'வாயேஜர் ஆஃப் தி ஸீஸ்' என்ற கப்பல் 1999-ல் வெளிவந்தபோது உலகத்திலேயே மிகப் பெரிய பிரயாணிக் கப்பல் அதுதான். நடுவிலே கடைத்தெரு, பனிக்கட்டியில் சறுக்கி விளையாட ஓர் அரங்கம், எல்லாம் உண்டு. 2018 செப்டம்பரில் அது ஆஸ்திரேலியாவின் ஸிட்னி துறைமுகத்திலிருந்து மூன்று இரவுப் பிரயாணமாகப் புறப்பட்டது. அதில் நம் இந்தியாவைச் சேர்ந்த ஒரு புகையிலைக் கம்பெனியின் கோஷ்டி ஏறியிருந்தது. சுமார் 1,300 பேர்; ஆடவர்கள். கப்பலில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்களே.

திரும்பி வந்த மற்றப் பிரயாணிகள் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் சொன்ன புகார்கள் இவை: நீச்சல் குளத்துத் தளம் முழுவதும் அவர்கள் கையில்; சாப்பாட்டு வரிசையிலும் மதுக்கூடத்திலும் மற்றவர்கள் நெருங்க முடியவில்லை; அவர்களுடைய கேளிக்கைக்கென்று அரைகுறை ஆடையில் நடனப் பெண்கள் வந்தார்கள்; பெண் பிரயாணிகளைக் கேட்காமலே செல்போனில் படம் பிடித்தார்கள். குடும்பத்துடன் வந்தவர்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அறைக்குள் போய் உட்கார்ந்தார்களாம். விடுமுறைக்காக வந்தவர்கள் விடுமுறை முடிய வேண்டுமே என்று காத்திருந்தார்கள்! முடிவில் கப்பலை நடத்திய ராயல் கரீபியன் கம்பெனி, புகார் செய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததாகச் செய்தி வந்தது.

பணம் திரும்பியது, சரி. வேறு இரண்டு விஷயங்களை யோசித்துப் பாருங்கள்.

ஒன்று, அந்த 1,300 பேரில் பெரும்பாலோர் ஊரில் எப்படிப்பட்டவர்கள்? வீட்டிலே அப்பா, அண்ணன், மாமா. தனியாக ஏறியிருந்தால் ஓர் ஓரமாக நின்று கடலைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். கூட்டத்தில் சேர்ந்ததும் மனிதனுக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. 'எல்லோரும்தானே செய்கிறார்கள்!' என்ற தைரியம். சுற்றிலும் நம்மவர்களே இருக்கும்போது பிறர் பார்வை நம் மேல் உறைப்பதில்லை.

மற்றொன்று, அதற்குப் பிறகு அந்தக் கடலில் கப்பலேறிய இந்தியக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். ஒரு பாவமும் அறியாதவர்கள். பக்கத்து மேஜைக்காரர் அவர்களைப் பார்த்ததும், "ஐயையோ, இன்னும் எத்தனை பேர் வருவார்களோ?" என்று நினைத்தால், அந்தக் கடனை அடைப்பது யார்?

செருப்பில் துவங்கிய சண்டை

கோஷ்டி என்றாலே ஆயிரம் பேர் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தச் சம்பவமும் 2018-தான், பிப்ரவரி மாதம். 'கார்னிவல் லெஜண்ட்' என்ற கப்பல் மெல்போர்னிலிருந்து பத்து நாள் பிரயாணமாகத் தென் பசிபிக் தீவுகளுக்குப் போயிற்று. அதில் ஒரு பெரிய குடும்பம். ஒருவர் செருப்பை ஒருவர் மிதித்ததில் வாய்ச்சண்டை மூண்டதாகச் சொன்னார்கள். அது அடிதடியாகி, நாள் கணக்கில் நீண்டு, கடைசியில் கப்பல் காவலர்களும் பிரயாணிகளும் கட்டிப் புரளும் காட்சியாக முடிந்தது. கப்பல் வழியில் ஈடன் என்ற சிற்றூரில் நின்று, போலீஸாரை வரவழைத்து, 23 பேரைக் கீழே இறக்கிவிட்டது. மற்றப் பிரயாணிகளுக்கு, அடுத்த தடவை வந்தால் கட்டணத்தில் 25 சதவிகிதம் தள்ளுபடி என்று கம்பெனி சமாதானம் சொல்லிற்று. "மறுபடி வேறு வர வேண்டுமா?" என்று சிலர் கோபித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

இருபத்து மூன்று பேர்! மற்றவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகவே பயந்து அறைக்குள் இருந்ததாகச் சில பிரயாணிகள் சொன்னார்கள். நிலத்தில் தெருச் சண்டை என்றால் அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். கப்பலில் அடுத்த தெரு ஏது?

சத்தமில்லாத நஷ்டங்கள்

இப்படி ரகளை நடப்பது அபூர்வம். கோஷ்டி முழுவதும் பரம சாதுக்களாகவே இருக்கலாம். அப்போதும் மற்றவர்களுக்கு நஷ்டம் உண்டு. சத்தமில்லாமல் நடப்பதால் இதை யாரும் எழுதுவதில்லை.

மாலை ஆறு மணி. கடலைப் பார்த்தபடி காப்பி சாப்பிடலாம் என்று மேல்தளத்துக் கண்ணாடிக் கூடத்துக்குப் போகிறீர்கள். வாசலில் ஒரு பலகை: 'தனிப்பட்ட நிகழ்ச்சி'. சரி என்று கீழே வருகிறீர்கள். ராத்திரி நாடகம் பார்க்கலாம் என்றால், இன்று முன் காட்சி முழுவதும் கோஷ்டிக்கு. நீங்கள் பத்து மணிக் காட்சிக்கு வரவேண்டும். உங்கள் வீட்டுக்காரிக்கோ ஒன்பது மணிக்கே கண் சொக்கும். தனிக்கட்டணச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லா மேஜையும் முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. பெரிய கூடத்தில் முன் பந்தி கிடையாது. கோஷ்டி முழுவதும் முன் பந்தி. தீவில் இறங்கப் படகுச் சீட்டு வாங்கப் போனால் முதல் நாலு படகும் அவர்களுக்கு. பத்து மணிக்கு நீங்கள் கரை சேரும்போது வெயில் ஏறிவிட்டது.

ஒவ்வொன்றும் சில்லறை விஷயம்தான். புகார் எழுதினால் சிரிப்பார்கள். அத்தனையும் ஒரே வாரத்தில் வந்தால், "ஏங்க, நாம் எதற்காக வந்தோம்?" என்று வீட்டுக்காரி கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல முடியாது.

சிறிய கப்பலானால் இன்னும் மோசம். ஐரோப்பாவில் ரைன், டான்யூப் நதிகளில் போகும் படகுக் கப்பல்களில் மொத்தமே 150 முதல் 190 பேர் வரையில்தான். ஒரு சாப்பாட்டுக் கூடம். உட்கார்ந்து பேச ஒரு கூடம். அதில் ஐம்பது பேர் ஒரே சங்கத்தார் என்றால், கப்பலின் குணமே மாறிவிடும். ஓடி ஒளிய வேறு இடமில்லை.

கம்பெனிகள் செய்யவேண்டியது

கோஷ்டிகளை ஏற்றாதே என்று சொல்வது நியாயமாகாது. தனியாகக் கிளம்பத் தைரியமில்லாத எத்தனையோ வயோதிகர்கள் ஒரு சங்கத்தின் துணையால்தான் கடலைப் பார்க்கிறார்கள். காது கேளாதவர்கள் கோஷ்டியாகப் போகும்போது சைகை மொழி பெயர்ப்பாளர்களும் உடன் வருகிறார்கள். ஒருவர் இருவராகப் போனால் அந்த வசதி எளிதில் கிடைக்குமா? விதவையான அத்தையை யார் அழைத்துப் போவார்கள்? குடும்பம் முழுதும் கிளம்பும்போதுதான் அவளும் வருவாள். கோஷ்டி என்பது பல பேருக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. அதை மறக்கக் கூடாது.

கம்பெனியைக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: முன்னால் சொல்லுங்கள்!

இந்தத் தேதிக் கப்பலில் பெரிய கோஷ்டி வருகிறது, இந்த இந்த இடங்கள் இந்த இந்த நேரத்தில் மூடியிருக்கும் என்பது கம்பெனிக்குப் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். தனி டிக்கெட் வாங்குகிறவருக்கு மட்டும் தெரியாது. சில சமயம் கம்பெனிகள் கடிதம் எழுதித் தெரிவிப்பதுண்டு. பெரும்பாலும், ஏறிய பிறகு வாசலில் தொங்கும் பலகைதான் கடிதம். ஒரே நாற்காலியை முதலில் எனக்கு விற்றுவிட்டு, பிறகு கோஷ்டிக்கு மொத்தமாக விற்பது என்ன வியாபார தர்மம்? கப்பலில் இவ்வளவு பங்குக்கு மேல் ஒரே கோஷ்டி போனால் மற்றவர்களுக்கு எழுதித் தெரிவித்து, விரும்பினால் நஷ்டமில்லாமல் தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு விதி செய்தால் பாதிச் சச்சரவு கரையிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு

விதி வரும் வரையில் நாம் என்ன செய்வது? சில யோசனைகள்:

டிக்கெட் வாங்கும்போது ஏஜண்டை வாய்விட்டுக் கேளுங்கள். "அந்தத் தேதியில் பெரிய குரூப் ஏதாவது இருக்கிறதா? கம்பெனியின் குரூப் இலாகாவில் விசாரித்துச் சொல்லுங்கள்" என்று சொன்னால் போதும். எப்போதும் பதில் கிடைக்காது. கேட்காவிட்டால் எப்போதுமே கிடைக்காது.

மூன்று, நாலு இரவுக் குறும் பிரயாணங்களைக் கம்பெனிக் கோஷ்டிகளும் கல்யாணக் கோஷ்டிகளும் அதிகம் விரும்புகின்றன. அமைதி வேண்டுமானால் ஏழு நாளுக்கு மேற்பட்ட பிரயாணம் நல்லது. விசேஷமான பண்டிகை எதுவும் இல்லாத வாரத்தில் திடீரென்று நூற்றுக்கணக்கான அறைகள் விற்றுப் போயிருந்தால், ஏதோ கோஷ்டி ஏறுகிறது என்று சந்தேகிக்கலாம்.

கப்பலில் ஏறிய முதல் நாளே விசாரணை மேஜைக்குப் போய், 'தனிப்பட்ட நிகழ்ச்சிகள்' எந்த நாளில், எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கோஷ்டி மகாநாட்டில் இருக்கும் நேரம் நீச்சல் குளம் காலியாக இருக்கும். அவர்கள் குளத்தில் இருக்கும்போது கொட்டகைப் பக்கம் நிம்மதி. சாப்பாட்டு நேரத்தை முக்கால் மணி முன்னே பின்னே நகர்த்திக்கொண்டால் வரிசை பாதியாகும்.

நீங்கள் தனிக் காசு கொடுத்து வாங்கிய வசதி எதுவாவது கிடைக்காமற் போனால், தேதி, மணி, இடம் எல்லாவற்றையும் எழுதிவைத்து, கப்பலில் இருக்கும்போதே அதிகாரியிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். இறங்கி வீட்டுக்கு வந்த பிறகு எழுதும் கடிதத்துக்கு அத்தனை பலம் இருப்பதில்லை. சொல்லும்போது சிப்பந்திகளிடம் சீறாதீர்கள். கோஷ்டியை ஏற்றியது அவர்கள் அல்ல. மேஜை துடைக்கும் பையனுக்கு அந்த வாரம் உங்களைவிட இரட்டிப்புக் கஷ்டம்.

நாற்பது பேராகப் போகிறவர்களுக்கு

நம்மவர்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஏனென்றால், கப்பல் இப்போது நம் வாசலுக்கே வந்துவிட்டது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'கார்டீலியா' நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலை முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பினார். மறு வருஷம் அது சென்னையிலிருந்து இலங்கைத் துறைமுகங்களுக்கும் போயிற்று. 1990-ல் கட்டப்பட்ட கப்பல். அறைக்கு இரண்டு பேர் என்றால் சுமார் 1,600 பேர் கொள்ளும். இன்றைய ராட்சதக் கப்பல்களுக்கு முன்னால் அது சிறியது. அதில் நானூறு பேர் கல்யாண கோஷ்டி ஏறினால் நாலில் ஒரு பங்கு!

நாம் தனியாகப் போகிற ஜாதி அல்லவே! காசியானாலும் கப்பலானாலும் பெரியப்பா, சித்தி, ஒன்றுவிட்ட மைத்துனர், அவருடைய சிநேகிதர் என்று கூட்டிக்கொண்டு போனால்தான் நமக்குப் பிரயாணம் ருசிக்கும். நல்ல குணம்தான். அந்த ருசி அடுத்தவர் இலையில் சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

விடியற்காலையில் ஒரு பையனை அனுப்பி இருபது சாய்வு நாற்காலிகளில் துண்டு போட்டு வைக்காதீர்கள். பஸ் ஸீட்டில் துண்டு போட்ட பழக்கம் கடல் வரையில் வர வேண்டாம். பல கப்பல்களில் ஆளில்லாத துண்டை அரை மணி, முக்கால் மணிக்குப் பிறகு சிப்பந்திகள் எடுத்துவிடுகிறார்கள், மானம் போகும். லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா வருகிறாள், இரு!" என்று நிற்காதீர்கள். பெரியம்மா அடுத்த லிஃப்டில் வரட்டும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அறை வாசலில் நின்று, "தூங்கிட்டியா?" என்று கத்தாதீர்கள். சுவர் மெல்லியது. பிறரைப் படம் பிடிக்குமுன் கேளுங்கள். பெண்களையும் குழந்தைகளையும் கேட்டால்கூட வேண்டாம். நாற்பது பேரும் ஒரே மூலையில் அடைந்து கிடக்காமல் நாலைந்து பேராகப் பிரிந்து உலாவிவிட்டு, சாப்பாட்டுக்கு மட்டும் ஒன்று சேருங்கள். கோஷ்டிக்கு ஒரு தலைவரை வையுங்கள். விசாரணை மேஜைக்கு அவர் ஒருவர் போனால் போதும்.

இன்னொன்று. எல்லோரும் ஒரே சட்டை தைத்துக்கொள்ளுங்கள், அழகாகத்தான் இருக்கும். அந்தச் சட்டையில் ஊர்ப் பெயரும் குடும்பப் பெயரும் அச்சடித்திருந்தால், ஒருவர் தவறினாலும் நாற்பது பேரும் தவறியதாகவே கணக்கு என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

கப்பலின் ஓரத்தில் ஒரு வயதான தம்பதி உட்கார்ந்திருப்பார்கள். கல்யாணமாகி நாற்பது வருஷம் கழித்து, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, முதல் தடவையாக இரண்டு பேருமாகக் கிளம்பியிருப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தவர் கப்பலில் யாருமில்லை. உங்கள் நாற்பது பேரில் ஒருவர் அவர்கள் பக்கத்தில் போய், "நாங்கள் கூட்டமாக வந்திருக்கிறோம். சத்தம் அதிகமானால் தயங்காமல் சொல்லுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரட்டும். இதற்குக் காசு செலவில்லை. அந்த வாரம் முழுவதும் அவர்கள் உங்களைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். மூன்றாம் நாள் அந்தப் பாட்டி உங்கள் வீட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.